எதிர்காற்றில் மணி அடிப்பது எப்படி

எங்கள் ஊரில் மலை கிடையாது.
வடகடலின் அணைமேல் ஏறி நின்றால்
ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி புதன்கிழமையே கண்ணில் படுவார்.
காற்றுதான் எங்கள் மலை.
போகும்போது ஏற்றம்.
திரும்பும்போது அது திசை மாறியிருக்கும்,
மறுபடி ஏற்றம்.

அணைப் பாதை தொடங்குமிடத்தில் ஒரு நீலப் பலகை.
பாட்டரி சைக்கிள்காரர் கவனத்துக்கு:
மணிக்கு இருபத்தைந்தில் மோட்டார் கைவிட்டுவிடும்,
அதற்கு மேல் உன் கால், உன் பாடு.
முந்துவது இடப்பக்கமாக.
மணியைத் தூரத்திலேயே அடி, காதுக்குள் அடிக்காதே.
குதிரை வந்தால் இறங்கி நில்.
ஆடு குறுக்கே படுத்திருந்தால் வழி ஆட்டுக்கே.
அணையை மிதித்து மிதித்து இறுக்குவது அதன் குளம்பு,
நீ வெறுமனே போகிறவன்.
கடைசி இரண்டு வரி பலகையில் இல்லை,
ஆட்டுக்காரி ஓக்கா வாயில் இருக்கிறது.

பதினோரு வருஷம் அந்தப் பலகைக்குக் கீழே நின்று
நானும் எய்லெர்ட்டும் சிரித்திருக்கிறோம்.
சத்தமில்லாமல் வழுக்கிப் போகிறவர்களைப் பார்த்து
"பிளக்கில் சொருகிய வீரர்கள்" என்பான் அவன்.
"மழையில் ஷாக் அடிக்கும்" என்பேன் நான்.
தொடைதான் எஞ்சின், வியர்வைதான் லைசென்ஸ்
என்று பேசித் திரிந்த காலம்.

பிப்ரவரியில் என் நெஞ்சுக்குள்
ஒரு சின்னக் கம்பிக்குழல் வைத்தார்கள்.
டாக்டரம்மா கேட்டார்: சைக்கிளை விட முடியுமா?
முடியாது.
அப்படியானால் பாதியைப் பாட்டரியிடம் கொடுங்கள்.

வாங்கினேன். பச்சை நிறம். இருபத்தாறு கிலோ.
மூன்று வாரம் எய்லெர்ட் வராத நேரமாகப் பார்த்துப் போனேன்,
கடன்காரனுக்கு ஒளிகிற மாதிரி.

இன்று, மதகைத் தாண்டியதும்,
எனக்கு முன்னால் அந்த முதுகு.
மஞ்சள் மழைக்கோட்டு உப்பிப் படபடக்கிறது.
எண்ணெய் காணாத சங்கிலி
சுற்றுக்கு ஒருமுறை கீச்சென்கிறது.
காற்று அவனை நிறுத்தி வைத்து விசாரிக்கிறது.
என் மோட்டார் மூன்றாம் படியில்.
எனக்கு மூச்சே வாங்கவில்லை.

இதற்குப் பலகை ஒன்றும் சொல்லவில்லை.
மணி அடித்தால், நகரு என்று அர்த்தம்.
அடிக்காமல் போனால் திருட்டு.
பின்னாலேயே போனால்
அவன் உடைக்கிற காற்றில் ஒதுங்கி
நான் பாட்டரியை மிச்சம் பிடிக்கிறேன்.
அதைவிடக் கேவலம் உண்டா?

அடித்தேன். ஒரே முறை, கட்டைவிரல் ஓரத்தால்,
தேநீர்க் கோப்பையில் கரண்டி படுகிற அளவு.
காற்று அதை என் முகத்திலேயே திருப்பி எறிந்தது.
அப்புறம்தான் வாயைத் திறந்தேன்:
"இடப்பக்கம், எய்லெர்ட்."

ஒதுங்கினான். திரும்பிப் பார்க்கவில்லை.
"மோயின்" என்றான்.
காலை, மாலை, கல்யாணம், துக்கம்
எல்லாவற்றுக்கும் இங்கே அந்த ஒரு சொல்தான்.
அதில் எதைச் சொன்னான் என்று தெரியவில்லை.

முந்தினேன். இருபத்திரண்டு. இருபத்து மூன்று.
பிறகு கட்டைவிரல் தானாகவே
ஒரு படி இறக்கியது,
இன்னொரு படியும்.
பதினான்கு.
நிமிர்ந்து உட்கார்ந்தேன். தோளை விரித்தேன்.
ஜாக்கெட்டின் ஜிப்பைக்கூட இறக்கிவிட்டேன்,
பத்தாயத்துக் கதவு போல அகலமாக.
திரும்பிப் பார்க்கக் கூடாது,
பார்த்தால் அது உதவி ஆகிவிடும்.
காதை மட்டும் பின்னால் விட்டு வைத்தேன்.

கீச்.

கீச்.

நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை,
ஐந்து கிலோமீட்டர்.

ஆட்டுக் கேட் வந்தது.
திறந்தவன் பிடித்திருக்க வேண்டும், பின்னால் வருபவன் மூட வேண்டும்.
இது பலகையில் உண்டு.
பிடித்துக்கொண்டு நின்றேன்.
தன் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தவன்
என் பச்சை வண்டியை டயரிலிருந்து மேலே வரை பார்த்தான்.
கொக்கியை மாட்டிவிட்டு, ஒரு ஆட்டிடம் கேட்பது போலக் கேட்டான்:
"ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறாய்? சார்ஜ் இல்லையா?"

"தீர்ந்துகொண்டிருக்கிறது" என்றேன்,
திரையில் எண்பத்தொரு சதவீதத்தைக்
கையுறையால் மூடிக்கொண்டு.